லாடெக் ஆவணங்களில் படங்களைச் சேர்த்தல்

லாடெக் ஆவணங்களில் படங்களைச் சேர்த்தல் என்பது, லாடெக் அச்சுக்கோப்பு முறையில் உருவாக்கப்படும் கட்டுரை, ஆய்வேடு, நூல் முதலியவற்றில் ஒளிப்படம், வரைபடம், விளக்கப்படம் போன்றவற்றை வெளிக் கோப்புகளிலிருந்து இணைக்கும் செயல்முறை ஆகும். இதற்குப் பெரும்பாலும் கிராபிக்ஸ்எக்ஸ் என்ற தொகுப்பு பயன்படுகிறது. சொற்செயலியில் பயனர் படத்தைத் திரையில் பார்த்து, இழுத்து, விரும்பிய இடத்தில் வைக்கிறார். லாடெக்கின் மூலக் கோப்பில் படத்தின் பெயரும் அளவும் மட்டுமே எழுதப்படுகின்றன. பக்கத்தில் அது அமையும் இடத்தை மென்பொருள் கணக்கிட்டு முடிவு செய்கிறது.

லாடெக்கின் அடியில் இயங்கும் டெக் என்ற நிரல் பக்கத்தை அமைக்கும்போது படத்தின் உள்ளடக்கத்தைக் கருத்தில் கொள்வதில்லை. குறிப்பிட்ட அகலமும் உயரமும் கொண்ட ஒரு வெற்றுப் பெட்டியை மட்டுமே அது பக்கத்தில் ஒதுக்குகிறது. படம் விளிம்பைத் தாண்டிப் போவது, எதிர்பாராத பக்கத்தில் தோன்றுவது, சுழற்றினால் அளவு மாறிவிடுவது எனப் புதிய பயனர்கள் சந்திக்கும் பல சிக்கல்களுக்கு விளக்கம் இந்தப் பண்பில் உள்ளது.

லாடெக் கட்டளைகள் ஆங்கில எழுத்துகளில் உள்ளிடப்படுபவை. இக்கட்டுரையில் அவற்றின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் தரப்படுகின்றன. மூலக் கோப்பில் ஒவ்வொரு கட்டளையும் பின்சாய்கோட்டுடன் தொடங்கும்.

வரலாறு

டெக் நிரலை அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் 1977-இல் வடிவமைக்கத் தொடங்கினார். தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தரம் அவருக்கு நிறைவளிக்காததே இதற்குக் காரணம். கணிதச் சமன்பாடுகளையும் பத்திகளையும் அழகாக அமைப்பது அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. அக்காலத்தில் படங்களைச் சேமிப்பதற்குப் பொதுவாக ஏற்கப்பட்ட கோப்பு வடிவம் எதுவும் இல்லை. எனவே நூத் படங்களுக்கெனத் தனி வசதி எதையும் டெக்கில் சேர்க்கவில்லை. அதற்கு மாறாக 'ஸ்பெஷல்' என்ற ஒரு கட்டளையை வைத்தார். அதனுள் எழுதப்படும் செய்தியை டெக் புரிந்துகொள்ள முயலாது. வெளியீட்டுக் கோப்பில் அப்படியே எழுதிவிடும். அச்சுப்பொறிக்காக அக்கோப்பைப் பின்னர் மாற்றும் நிரல் அச்செய்தியைப் படித்துச் செயல்படும்.

டெக்கின் தொடக்ககால வெளியீடு டிவிஐ என்ற வடிவில் அமைந்தது. எந்த அச்சுப்பொறியையும் சாராத வடிவம் இது. எந்த எழுத்து பக்கத்தின் எந்த இடத்தில் வரவேண்டும் என்ற செய்தி இதில் இருக்கும், படம் இருக்காது. படம் தேவைப்பட்டவர்கள் உரிய அளவு இடத்தை வெறுமையாக விட்டு, அச்சிட்ட தாளில் படத்தை ஒட்டிக்கொண்டனர்.

1980-களில் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி அச்சுப்பொறிகளில் பரவியபின் நிலைமை மாறியது. அம்மொழியில் எழுதப்பட்ட தனிப் படங்களுக்கு இபிஎஸ் என்ற வடிவம் வந்தது. தாமஸ் ரொகிக்கி எழுதிய டிவிஐபிஎஸ் நிரல், டிவிஐ கோப்பைப் போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றும்போது இபிஎஸ் படங்களை உரிய இடங்களில் செருகியது.

இதற்கிடையில் லெஸ்லி லாம்போர்ட் டெக்கின் மேல் கட்டளைத் தொகுதியாக லாடெக்கை உருவாக்கியிருந்தார். 1994-இல் லாடெக் 2இ பதிப்பு வெளிவந்தது. ஒவ்வொரு மாற்று நிரலும் படங்களுக்கு ஒவ்வொரு விதமான செய்தியை எதிர்பார்த்ததால், அதுவரை ஒரே ஆவணத்தை வேறு கணினியில் அச்சிடுவது கடினமாக இருந்தது. டேவிட் கார்லைல், செபாஸ்டியன் ராட்ஸ் ஆகியோர் எழுதிய கிராபிக்ஸ் தொகுப்பு இவ்வேறுபாடுகளை மறைத்து, எல்லா நிரல்களுக்கும் பொதுவான ஒரே கட்டளையைத் தந்தது. அதன் விரிவாக்கப்பட்ட வடிவமே கிராபிக்ஸ்எக்ஸ்.

செக் நாட்டின் புர்னோ நகரிலுள்ள மசாரிக் பல்கலைக்கழகத்தில் ஹான் தே தான் உருவாக்கிய பிடிஎஃப்டெக், டிவிஐ என்ற இடைநிலை இல்லாமல் நேரடியாகப் பிடிஎஃப் கோப்பை உருவாக்கியது. ஜேபெக், பிஎன்ஜி, பிடிஎஃப் படங்களை இது தானே திறந்து இணைத்துவிடும். இன்று பெரும்பாலான பயனர்கள் பிடிஎஃப்டெக்கையோ அதற்குப் பின் வந்த சீடெக், லுவாடெக் ஆகியவற்றையோ பயன்படுத்துகின்றனர்.

பெட்டி என்ற கருத்து

டெக் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு பெட்டியாகக் கருதுகிறது. பெட்டிக்கு அகலம், அடிக்கோட்டுக்கு மேலுள்ள உயரம், அடிக்கோட்டுக்குக் கீழுள்ள ஆழம் என மூன்று அளவுகள் உண்டு. எழுத்துப் பெட்டிகள் சேர்ந்து வரிப் பெட்டியாகின்றன. வரிப் பெட்டிகள் அடுக்கப்பட்டுப் பக்கமாகின்றன. இணைக்கப்படும் படமும் இவ்வரிசையில் ஒரு பெட்டியே. எனவே டெக்கைப் பொறுத்தவரை படம் என்பது மிகப் பெரிய ஓர் எழுத்து.

இதன் விளைவுகள் நடைமுறையில் தெளிவாகத் தெரிகின்றன.

* வாக்கியத்தின் நடுவில் படக் கட்டளையை எழுதினால், படம் அவ்வரியிலேயே ஒரு சொல்போல அமரும். அதன் அடிவிளிம்பு எழுத்துகளின் அடிக்கோட்டில் நிற்கும். அவ்வரியின் உயரம் படத்தின் உயரத்துக்கு ஏற்பக் கூடிவிடும்.
* இரண்டு படக் கட்டளைகளை அடுத்தடுத்து எழுதினால் படங்கள் அருகருகே வரும். இடையில் ஒரு வெற்று வரி விட்டால் புதிய பத்தி தொடங்கியதாகக் கொள்ளப்பட்டு, இரண்டாம் படம் கீழே போய்விடும்.
* பத்தியின் தொடக்கத்தில் உரையின் முழு அகலத்துக்குப் படத்தை வைத்தால், பத்தியின் முதல் வரிக்கான உள்ளிடைவெளி அதற்கும் பொருந்தும். அந்த இடைவெளி அளவுக்குப் படம் வலப்புறம் துருத்தி நிற்கும். வரி நிரம்பி வழிகிறது என்ற எச்சரிக்கை பெரும்பாலும் இதனால் வருவதே.

தொகுப்பை அழைக்கும்போது 'டிராஃப்ட்' என்ற விருப்பத்தேர்வைச் சேர்த்தால், ஒவ்வொரு படத்துக்கும் பதிலாக அதன் கோப்புப் பெயர் எழுதிய வெற்றுச் சட்டம் அச்சாகும். பக்க அமைப்பில் எந்த மாற்றமும் ஏற்படாது. பெரிய ஒளிப்படங்கள் நிறைந்த நூலைத் திருத்தும் காலத்தில் நேரத்தை மிச்சப்படுத்த இது உதவுகிறது.

அடிப்படைப் பயன்பாடு

ஆவணத்தின் முகப்புப் பகுதியில், அதாவது உரை தொடங்குவதற்கு முன், 'யூஸ்பேக்கேஜ்' கட்டளையால் கிராபிக்ஸ்எக்ஸ் தொகுப்பை அழைக்க வேண்டும். பின்னர் படம் வேண்டிய இடத்தில் 'இன்க்ளூட்கிராபிக்ஸ்' கட்டளை எழுதப்படுகிறது. இக்கட்டளைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. சதுர அடைப்புக்குறிக்குள் அளவு, சுழற்சி முதலிய விருப்பத்தேர்வுகள் காற்புள்ளியால் பிரித்து எழுதப்படும். இவை இல்லாமலும் கட்டளை செயல்படும். நெளிவு அடைப்புக்குறிக்குள் கோப்பின் பெயர் எழுதப்படும், இது கட்டாயம்.

கோப்புப் பெயரின் இறுதியிலுள்ள வடிவ விகுதியை விட்டுவிடலாம். அப்போது நிரல் தனக்குத் தெரிந்த விகுதிகளை ஒரு வரிசைப்படி சேர்த்துத் தேடும். பிடிஎஃப்டெக்கில் பிடிஎஃப் முதலிலும், பிஎன்ஜி, ஜேபெக் ஆகியவை அதன் பின்னும் தேடப்படுகின்றன. ஒரே பெயரில் பிடிஎஃப், பிஎன்ஜி என இரண்டு கோப்புகள் இருந்தால் பிடிஎஃப் எடுத்துக்கொள்ளப்படும். பிஎன்ஜி கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் ஆவணத்தில் பழைய படமே வருவதற்கு இது ஒரு காரணம். ஐயம் இருக்கும் இடங்களில் விகுதியையும் எழுதிவிடுவது நல்லது.

படங்களைத் தனிக் கோப்புறையில் வைத்திருந்தால், 'கிராபிக்ஸ்பாத்' கட்டளையில் அக்கோப்புறையின் பெயரை ஒரு முறை தந்தால் போதும். ஒவ்வொரு கோப்புறைப் பெயரும் தனித்தனி நெளிவு அடைப்புக்குறிக்குள் அமைந்து முன்சாய்கோட்டுடன் முடிய வேண்டும். ஒரே ஒரு கோப்புறை இருந்தாலும் இரட்டை அடைப்புக்குறி தேவை. இறுதிச் சாய்கோட்டை விட்டுவிட்டால் கோப்புறைப் பெயரும் கோப்புப் பெயரும் ஒட்டிக்கொண்டு, கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்தி வரும்.

அளவு

அளவு எதுவும் தரப்படாவிட்டால் படம் அதன் இயல்பான அளவில் வரும். வெக்டர் படங்களில் இயல்பான அளவு கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். பிக்சல் படங்களில், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற குறிப்பு கோப்பில் இருந்தால் அதிலிருந்து கணக்கிடப்படும். அக்குறிப்பு இல்லாதபோது பிடிஎஃப்டெக் அங்குலத்துக்கு 72 பிக்சல் என எடுத்துக்கொள்கிறது. அவ்வாறு 3,000 பிக்சல் அகலமுள்ள ஓர் ஒளிப்படம் ஏறத்தாழ 106 செ.மீ. அகலமாகிவிடும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. மட்டுமே. படத்தின் ஒரு மூலை மட்டும் பக்கத்தில் தெரிந்து, மற்றவை தாளுக்கு வெளியே போவது இதனால்தான்.

அளவைக் குறிக்கப் பின்வரும் விருப்பத்தேர்வுகள் பயன்படுகின்றன.

* விட்த்: படத்தின் அகலம். இது மட்டும் தரப்பட்டால் உயரம் விகிதப்படி தானே அமையும்.
* ஹைட்: அடிக்கோட்டுக்கு மேலுள்ள உயரம்.
* ஸ்கேல்: இயல்பான அளவின் மடங்கு. 0.5 என்றால் பாதி.
* கீப்ஆஸ்பெக்ட்ரேஷியோ: அகலம், உயரம் இரண்டும் தரப்படும்போது படம் இழுபடாமல், இரண்டு எல்லைகளுக்குள்ளும் அடங்கும் மிகப் பெரிய அளவில் அமையும்.

அகலத்தைச் சென்டிமீட்டரில் தருவதைவிட உரையின் அகலத்தோடு ஒப்பிட்டுத் தருவது பாதுகாப்பானது. 'டெக்ஸ்ட்விட்த்' என்பது பக்கத்தின் உரைப்பகுதி அகலத்தைக் குறிக்கும். அதன் முன் 0.8 என்று எழுதினால் உரை அகலத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 'லைன்விட்த்' என்பது அந்த இடத்தில் வரிக்குக் கிடைக்கும் அகலம். பட்டியலுக்குள்ளும் இரு பத்தி ஆவணங்களிலும் இதுவே பொருத்தமானது. ஒற்றைப் பத்தியில் எழுதிய கட்டுரையை ஆய்விதழ் இரட்டைப் பத்தியில் கேட்கும்போது, இம்முறையில் எழுதப்பட்ட படங்கள் திருத்தமின்றிப் பொருந்திவிடும்.

தரப்படும் அகலம் காட்சி அளவை மட்டுமே மாற்றுகிறது. கோப்பிலுள்ள பிக்சல்கள் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 800 பிக்சல் அகலமுள்ள திரைப்பிடிப்பு 16 செ.மீ. அகலத்தில் அச்சிடப்பட்டால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 127 பிக்சலே கிடைக்கும். எழுத்துகளின் ஓரம் மங்கலாகத் தெரியும். ஒளிப்படங்களை அச்சிட வழக்கமாகக் கேட்கப்படும் 300 பிக்சல் செறிவை 8 செ.மீ. அகலத்தில் பெற ஏறத்தாழ 945 பிக்சல் தேவை. மறுபுறம், பெரிய ஒளிப்படத்தை 3 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கிக் காட்டினாலும் அதன் தரவு முழுவதும் பிடிஎஃப் கோப்பினுள் இருக்கும். மின்னஞ்சலில் அனுப்ப முடியாத அளவுக்கு ஆய்வேடு பெருத்துவிடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

வரைபடங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரைபடத்துக்குள் 10 பாயிண்ட் அளவில் உள்ள எழுத்துகள், படம் பாதியாகச் சுருக்கப்படும்போது 5 பாயிண்ட் ஆகிவிடும். எனவே வரைபடத்தை உருவாக்கும் மென்பொருளிலேயே அச்சில் வரவேண்டிய இறுதி அளவைத் தந்துவிடுவது சிறந்தது.

சுழற்றலும் வெட்டலும்

'ஆங்கிள்' என்ற விருப்பத்தேர்வு படத்தை இடஞ்சுழியாகக் குறிப்பிட்ட பாகை சுழற்றுகிறது. கிராபிக்ஸ்எக்ஸ் விருப்பத்தேர்வுகளை இடமிருந்து வலமாகச் செயல்படுத்துவதால் எழுதும் வரிசைக்குப் பொருள் உண்டு. முதலில் 90 பாகைச் சுழற்சியும் அடுத்து 10 செ.மீ. அகலமும் தந்தால், சுழன்ற படத்தின் அகலம் 10 செ.மீ. ஆகும். வரிசையை மாற்றினால், படம் 10 செ.மீ. அகலமாக்கப்பட்ட பின் சுழற்றப்படும். அந்த 10 செ.மீ. பக்கத்தில் உயரமாகத் தோன்றும்.

சுழற்சி படத்தின் கீழ் இடது மூலையை மையமாகக் கொண்டு நிகழ்கிறது. வலஞ்சுழியாக 90 பாகை சுழற்றினால் படம் முழுவதும் அடிக்கோட்டுக்குக் கீழே தொங்கும். அப்போது அதன் உயரம் சுழியம். ஆழம் மட்டுமே உள்ளது. இந்நிலையில் அடுத்து 'ஹைட்' தந்தால் சுழியத்தால் வகுக்கும் பிழை எழும். உயரத்தையும் ஆழத்தையும் கூட்டிக் கொள்ளும் 'டோட்டல்ஹைட்' இதற்குத் தீர்வு.

படத்தின் ஓரங்களை நீக்க 'டிரிம்' பயன்படுகிறது. இடம், கீழ், வலம், மேல் என்ற வரிசையில் நான்கு எண்கள் தரப்பட வேண்டும். அலகு எழுதாவிட்டால் அங்குலத்துக்கு 72 என்ற போஸ்ட்ஸ்கிரிப்ட் பாயிண்டாகக் கொள்ளப்படும். டெக்கின் சொந்தப் பாயிண்ட் அங்குலத்துக்கு 72.27 என்பதால் இரண்டும் ஒன்றல்ல. 'டிரிம்' மட்டும் தந்தால் பெட்டி சுருங்குமே தவிர, படம் பெட்டிக்கு வெளியே நீண்டு அருகிலுள்ள எழுத்துகளின் மேல் படியும். வெளியே நீளும் பகுதியை மறைக்க 'கிளிப்' என்பதையும் சேர்க்க வேண்டும்.

'கிளிப்' மறைக்கும் பகுதி அழிக்கப்படுவதில்லை. பிடிஎஃப் கோப்பினுள் முழுப் படமும் இருக்கும். படங்களைப் பிரித்தெடுக்கும் கருவி உள்ளவர் அதை வெளியே எடுக்க முடியும். எக்ஸ்-கதிர்ப் படத்தின் ஓரத்திலுள்ள நோயாளியின் பெயர், திரைப்பிடிப்பிலுள்ள மின்னஞ்சல் முகவரி, விண்ணப்பப் படிவத்திலுள்ள தொலைபேசி எண் போன்றவற்றை இவ்வழியில் மறைப்பது பாதுகாப்பானதன்று. அத்தகைய பகுதிகளைப் படத்திருத்த மென்பொருளில் நீக்கி, புதிய கோப்பாகச் சேமித்த பிறகே ஆவணத்தில் இணைக்க வேண்டும்.

கோப்பு வடிவங்கள்

எந்த வடிவப் படத்தை இணைக்க முடியும் என்பது பயன்படுத்தப்படும் நிரலைப் பொறுத்தது.

* டிவிஐ வழி (லாடெக், பின்னர் டிவிஐபிஎஸ்): இபிஎஸ்.
* பிடிஎஃப்டெக், லுவாடெக்: பிடிஎஃப், பிஎன்ஜி, ஜேபெக்.
* சீடெக்: பிடிஎஃப், பிஎன்ஜி, ஜேபெக், இபிஎஸ்.

டிவிஐ வழியில் ஜேபெக் படத்தைத் தந்தால், படத்தின் அளவைக் கண்டறிய முடியவில்லை என்ற பிழை தோன்றும். பெட்டியை ஒதுக்க டெக்குக்கு அகலமும் உயரமும் தேவை. இபிஎஸ் கோப்பு உரை வடிவில் உள்ளது. அதில் 'பவுண்டிங்பாக்ஸ்' எனத் தொடங்கும் வரியில் நான்கு எண்கள் உள்ளன. டெக் கோப்பை வரிவரியாகப் படித்து அவ்வெண்களை எடுத்துக்கொள்ளும். ஜேபெக் கோப்பில் அத்தகைய வரி இல்லை. பிடிஎஃப்டெக்கினுள் ஜேபெக், பிஎன்ஜி கோப்புகளின் தலைப்பகுதியைப் படிக்கும் வசதி கட்டப்பட்டுள்ளதால் அங்கு இச்சிக்கல் எழுவதில்லை. இபிஎஸ் கோப்பைப் பிடிஎஃப்டெக் நேரடியாக ஏற்காது. எனினும் டெக் லைவ் 2010 பதிப்பு முதல், அது பின்னணியில் பிடிஎஃப் வடிவுக்குத் தானாக மாற்றப்படுகிறது. எஸ்விஜி படங்களை எந்த வழியிலும் நேரடியாக இணைக்க முடியாது. அவற்றை இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் பிடிஎஃப் ஆக மாற்றிக்கொள்ள வேண்டும்.

கோடுகளும் எழுத்துகளும் கொண்ட வரைபடங்களுக்குப் பிடிஎஃப், திரைப்பிடிப்புகளுக்குப் பிஎன்ஜி, ஒளிப்படங்களுக்கு ஜேபெக் என்பது பொதுவான வழக்கம். திரைப்பிடிப்பை ஜேபெக் வடிவில் சேமித்தால் எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் போன்ற புள்ளிகள் தோன்றும். ஒளிப்படத்தைப் பிஎன்ஜி வடிவில் சேமித்தால் கோப்பு தேவையின்றிப் பெரிதாகும்.

மிதவைகள்

பத்திகளை வரிகளாகப் பிரிக்கும்போது டெக் முழுப் பத்தியையும் ஒன்றாகப் பார்த்துச் சிறந்த பிரிப்பைத் தேர்கிறது. பக்கங்களைப் பொறுத்தவரை அவ்வாறு செய்வதில்லை. ஒரு பக்கம் நிரம்பியவுடன் அதை முடித்து வெளியே அனுப்பிவிடும். உரையை எந்த இரண்டு வரிகளுக்கு இடையிலும் பெரும்பாலும் பிரிக்கலாம். படத்தைப் பிரிக்க முடியாது. பக்கத்தின் அடியில் 6 செ.மீ. இடம் எஞ்சியிருக்க, அடுத்து வரும் படம் 9 செ.மீ. உயரம் என்றால், படம் அடுத்த பக்கத்துக்குப் போகும். இந்தப் பக்கத்தில் 6 செ.மீ. வெற்றிடம் விழும்.

இவ்வெற்றிடத்தைத் தவிர்க்க உருவானதே மிதவை முறை. 'ஃபிகர்' சூழலுக்குள் வைக்கப்படும் படம் உரையின் ஓட்டத்திலிருந்து விடுவிக்கப்படுகிறது. அடுத்து வரும் உரை முன்னே நகர்ந்து எஞ்சிய இடத்தை நிரப்பும். படம் பொருத்தமான வேறோர் இடத்தில் அமரும். பட எண்ணும் விளக்கமும் இருப்பதால் வாசகர் அதைத் தேடிக்கொள்ள முடியும். அச்சு நூல்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமே இது.

மிதவை எங்கே அமரலாம் என்பதை ஓரெழுத்துக் குறிகளால் தெரிவிக்கலாம். இங்கே, பக்கத்தின் மேலே, பக்கத்தின் கீழே, படங்களுக்கான தனிப்பக்கம் என நான்கு குறிகள் உள்ளன. எதுவும் தரப்படாவிட்டால், வழக்கமான ஆவண வகைகளில் மேலே, கீழே, தனிப்பக்கம் என மூன்றும் அனுமதிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். இக்குறிகள் அனுமதிகளே, எழுதும் வரிசை முன்னுரிமையைக் காட்டுவதில்லை.

அனுமதி இருந்தாலும் சில வரம்புகள் பொருந்த வேண்டும். வழக்கமான ஆவண வகைகளில் அவை பின்வருமாறு:

* பக்கத்தின் மேற்பகுதியில் மிதவைகள் அதிகமாக 70 விழுக்காடு இடம் கொள்ளலாம், எண்ணிக்கை 2.
* கீழ்ப்பகுதியில் 30 விழுக்காடு, எண்ணிக்கை 1.
* ஒரு பக்கத்தில் மொத்தம் 3 மிதவைகள்.
* உரையும் உள்ள பக்கத்தில் குறைந்தது 20 விழுக்காடு உரை இருக்க வேண்டும்.
* தனிப்பக்கம் உருவாகக் குறைந்தது 50 விழுக்காடு இடம் மிதவைகளால் நிரம்ப வேண்டும்.

படம் ஆவணத்தின் இறுதிக்கு ஓடிவிடுவதற்கான காரணம் இவ்வரம்புகளில் உள்ளது. உரை உயரத்தில் 75 விழுக்காடு உயரமுள்ள படத்துக்கு 'இங்கே', 'மேலே' என்ற இரு அனுமதிகள் மட்டும் தரப்பட்டதாகக் கொள்வோம். எழுதிய இடத்தில் அதற்கு இடம் போதவில்லை. மேற்பகுதியின் வரம்போ 70 விழுக்காடு. தனிப்பக்கத்துக்கு அனுமதி இல்லை. எனவே படம் காத்திருக்கிறது. படங்கள் எண் வரிசை மாறாமல் வரவேண்டும் என்பதால், அடுத்து வரும் சிறிய படங்களும் அதன் பின்னால் காத்திருக்கின்றன. ஒரு பெரிய படம் இப்படி வரிசையை அடைத்துவிட்டால், அத்தியாயத்தின் எல்லாப் படங்களும் இறுதியில் குவியும். தனிப்பக்கக் குறியைச் சேர்த்தாலோ படத்தைச் சற்றுச் சிறிதாக்கினாலோ அடைப்பு நீங்கும்.

இச்சிக்கலைக் கண்ட பயனர்கள் பலர் 'இங்கே' என்ற குறியை மட்டும் தருவதுண்டு. அது அனுமதிகளைக் குறைத்து அடைப்பை மிகுவிக்கவே உதவும். லாடெக் எச்சரிக்கையுடன் 'மேலே' என்ற அனுமதியைத் தானே சேர்த்துக்கொள்ளும். வேறு தீர்வுகள் பின்வருமாறு:

* வியப்புக்குறி: குறிகளுடன் இதைச் சேர்த்தால், உரைப் பக்கங்களுக்கான மேற்கண்ட விழுக்காட்டு, எண்ணிக்கை வரம்புகள் அப்படத்துக்குத் தளர்த்தப்படும்.
* கிளியர்பேஜ்: காத்திருக்கும் எல்லா மிதவைகளையும் அச்சிட்டு, புதிய பக்கத்தைத் தொடங்கும்.
* பிளேஸ்இன்ஸ் தொகுப்பு: இதிலுள்ள தடுப்புக் கட்டளை, அதற்கு முன் எழுதப்பட்ட மிதவைகள் அவ்விடத்தைத் தாண்டிச் செல்லாமல் காக்கும். ஒரு பகுதியின் படம் அடுத்த பகுதிக்குள் போவதைத் தடுக்க இது ஏற்றது.
* ஃபுளோட் தொகுப்பு: இது தரும் பெரிய எழுத்துக் குறி, படத்தை எழுதிய இடத்திலேயே வைக்கும். அப்போது படம் மிதவையாக இருப்பதில்லை. பக்க அடியில் வெற்றிடம் மீண்டும் வரக்கூடும்.

உரை முழுமையாக எழுதி முடிக்கப்படுவதற்கு முன் படங்களின் இடத்தைத் திருத்துவது பயனற்ற உழைப்பு. முன்னால் ஒரு பத்தி சேர்ந்தாலும் எல்லா இடங்களும் மாறிவிடும்.

விளக்கமும் எண்ணும்

மிதவைக்குள் 'கேப்ஷன்' கட்டளை படத்தின் விளக்கத்தை அமைத்து எண்ணையும் தருகிறது. 'லேபல்' கட்டளை அந்த எண்ணுக்கு ஒரு பெயர் சூட்டுகிறது; உரையில் 'ரெஃப்' கட்டளையால் அப்பெயரை அழைத்தால் எண் அச்சாகும். இடையில் புதிய படம் சேர்ந்தால் எல்லா எண்களும் தாமே திருந்திக்கொள்ளும். எண்ணைக் கூட்டுவது 'கேப்ஷன்' என்பதால் 'லேபல்' அதன் பின்னரே வரவேண்டும். முன்னே எழுதினால் படத்தின் எண்ணுக்குப் பதிலாக அப்பகுதியின் எண் அச்சாகும். இதில் பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் தவறு அச்சான பிறகே தெரியவரும். எண்கள் துணைக்கோப்பில் எழுதப்பட்டு மறுமுறை படிக்கப்படுவதால் ஆவணத்தை இரு முறை இயக்க வேண்டும். முதன்முறையில் எண்ணுக்குப் பதில் கேள்விக்குறிகள் தோன்றுவது இயல்பு.

மிதவை இடம் மாறக்கூடியது என்பதால் உரையில் "கீழேயுள்ள படம்" என்று எழுதுவது தவிர்க்கப்பட வேண்டும். அப்படம் அதே பக்கத்தின் மேலேயோ அடுத்த பக்கத்திலோ இருக்கலாம்.

படத்தை நடுவில் வைக்க மிதவைக்குள் 'சென்டரிங்' கட்டளை போதும். 'சென்டர்' சூழல் மேலும் கீழும் கூடுதல் இடைவெளியைச் சேர்த்துவிடும். இரண்டு படங்களை அருகருகே தனி விளக்கங்களுடன் வைக்கச் சப்கேப்ஷன் தொகுப்பு பயன்படுகிறது.

கிராபிக்ஸ்எக்ஸின் அண்மைப் பதிப்புகளில் படத்துக்கு மாற்று உரை தரும் விருப்பத்தேர்வும் உள்ளது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்காக இது சேர்க்கப்பட்டது. உரிய குறியீடுகளுடன் உருவாக்கப்படும் பிடிஎஃப் கோப்புகளில் இது பயன்படும்.

தமிழ் ஆவணங்களில்

ஒருங்குறித் தமிழ் ஆவணங்களுக்குப் பொதுவாகச் சீடெக் அல்லது லுவாடெக் பயன்படுத்தப்படுகிறது. படங்களை இணைக்கும் கட்டளைகளில் மாற்றம் எதுவும் இல்லை. விளக்கத்தின் முன் ஆங்கிலத்தில் வரும் சொல்லை, 'ஃபிகர்நேம்' கட்டளையை மறுவரையறை செய்து "படம்" என மாற்றலாம். 2019 அக்டோபர் வெளியீடு முதல், தமிழ் எழுத்துகளும் இடைவெளிகளும் கொண்ட கோப்புப் பெயர்களை லாடெக் ஏற்கிறது. எனினும் பழைய பதிப்பைப் பயன்படுத்தும் ஆய்விதழ்களுக்கு அனுப்பும் கோப்புகளில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றால் பெயரிடுவது பாதுகாப்பானது.

படத்துக்குள் இருக்கும் தமிழ் எழுத்துகளே மிகுதியான சிக்கலைத் தருபவை. இந்திய மொழி எழுத்தமைப்பைக் கையாளாத வரைபட மென்பொருளில் 'கெ', 'கொ' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நிற்கும். பெட்டிக்குள் இருப்பதை டெக் பார்ப்பதில்லை என்பதால், சரியான தமிழ் எழுத்துரு ஆவணத்தில் இருந்தாலும் அப்பிழை திருந்தாது. தமிழை முறையாகக் காட்டும் மென்பொருளில் வரைந்து, எழுத்துருவை உட்பொதித்தோ எழுத்துகளைக் கோடுகளாக மாற்றியோ பிடிஎஃப் ஆகச் சேமிப்பது ஒரு வழி. டில் டாண்டாவ் உருவாக்கிய டிக்ஸ் போன்ற தொகுப்பால் மூலக் கோப்பிலேயே வரைவது மற்றொரு வழி. அப்போது படத்திலுள்ள சொற்களையும் டெக்கே அமைப்பதால், உரைக்கும் படத்துக்கும் ஒரே எழுத்துரு கிடைக்கும்.

பொதுவான சிக்கல்கள்

* கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி: பெயரிலுள்ள பெரிய, சிறிய ஆங்கில எழுத்து வேறுபாட்டைச் சரிபார்க்க வேண்டும். விண்டோசு இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை, லினக்சு பொருட்படுத்தும். வீட்டுக் கணினியில் இயங்கிய ஆவணம் இணையவழித் தொகுப்பியில் இயங்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.
* படத்துக்குப் பதில் வெற்றுச் சட்டம்: ஆவணத்திலோ தொகுப்பிலோ 'டிராஃப்ட்' விருப்பத்தேர்வு எஞ்சியிருக்கும்.
* படத்தைச் சுற்றி மிகுந்த வெற்றிடம்: கோப்பின் எல்லை படத்தைவிடப் பெரிதாக உள்ளது. முழு ஏ4 பக்கமாகச் சேமிக்கப்பட்ட வரைபடங்களில் இது பொதுவானது. பிடிஎஃப்கிராப் போன்ற கருவியால் ஓரங்களை நீக்கலாம்.
* கையாளப்படாத மிதவைகள் மிகுதி என்ற பிழை: வரிசையில் முதலில் காத்திருக்கும் படத்தின் அளவையும் அனுமதிகளையும் சரிபார்க்க வேண்டும். பிழை காட்டப்படும் இடத்திலுள்ள படம் பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை.